சீ வாட்டர் இன்லெட்

கப்பலின் எஞ்சின் ரூம் லாக்புக்கில் ஒரு பக்கத்துக்கு நாற்பது ஐம்பது கட்டங்கள் இருக்கும். ஒவ்வொரு சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வெப்பம், லூப் ஆயில் அழுத்தம், ஜாக்கெட் தண்ணீர், டர்போசார்ஜர் வேகம், ஜெனரேட்டர் லோடு என்று வரிசையாகப் போகும். ஒரு வாட்ச், அதாவது ஒரு முறை டியூட்டி, நான்கு மணி நேரம். முடிவதற்குள் எல்லாக் கட்டத்தையும் நிரப்ப வேண்டும். அவற்றில் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளாத ஒரு கட்டம் உண்டு. சீ வாட்டர் இன்லெட். கப்பலுக்கு வெளியே கடல் இப்போது எத்தனை டிகிரி என்பதுதான் அது.

இருபத்தைந்து வருடம் கடலில் இருந்தேன். முதல் பாதியில் அந்தக் கட்டத்தை நானே நிரப்பினேன். பிற்பாதியில் மற்றவர்கள் நிரப்பியதற்குக் கீழே சீஃப் எஞ்சினியராகக் கையெழுத்துப் போட்டேன். அந்தத் தெர்மாமீட்டர் எப்போதுமே அடித்தளத்தில், குழாய்களுக்கு நடுவே, குனிந்து டார்ச் அடித்துப் பார்க்க வேண்டிய இடத்தில்தான் இருக்கும். நள்ளிரவு 12 முதல் 4 வரையிலான வாட்சில், தூக்கம் கண்ணைக் கட்டும்போது, அங்கே இறங்கிப் போவதற்கு மனசு வராது.

முதல் கப்பலில் ஒருநாள் நான் போகவில்லை. அட்லாண்டிக்கைக் கடந்து நியூயார்க் பக்கம் போய்க்கொண்டிருந்தோம். முந்தைய வாட்சில் 21 டிகிரி என்று எழுதியிருந்தார்கள். நானும் 21 என்று எழுதிவிட்டு மேலே போய்ப் படுத்துவிட்டேன். காலையில் சீஃப் எஞ்சினியர் கூப்பிட்டனுப்பினார். லாக்புக்கைத் திறந்து வைத்திருந்தார். எஞ்சினின் லூப் ஆயிலைக் குளிரவைக்கும் கூலரின் வெப்பக் கட்டுப்பாட்டு வால்வைக் காட்டினார். அது கூலர் பக்கத்தைப் பெரும்பாலும் மூடி, அந்த எண்ணெயைக் கூலருக்குள் விடாமல் பைபாஸில் விட்டுக்கொண்டிருந்தது. கடல் தண்ணீர் மிகவும் குளிர்ந்திருந்தால் மட்டுமே வால்வு அப்படிப் போகும். பிறகு என்னைத் தெர்மாமீட்டருக்கு அழைத்துப் போய் டார்ச் அடித்தார். 11 டிகிரி.

"கடல் மாறிப்போனதே தெரியாம வாட்ச் முடிச்சிருக்க தம்பி," என்றார். குரலை உயர்த்தவில்லை. "பாக்கலைன்னா கட்டத்தைக் காலியா விட்ரு. இல்லாத நம்பரை எழுதாத. காலியா இருந்தா பின்னால பாக்குறவன் சந்தேகப்படுவான். நம்பர் இருந்தா நம்பிருவான்."

அன்று இரவு நாங்கள் கடந்தது வளைகுடா நீரோட்டத்தின் வடக்கு விளிம்பு. வெப்பமண்டலத்திலிருந்து வரும் சுடுநீர் ஆறு போன்ற அந்த நீரோட்டமும், லாப்ரடாரிலிருந்து இறங்கும் குளிர்ந்த நீரும் அங்கே உரசிக்கொள்கின்றன. 1922-இல் டாம்பா என்ற அமெரிக்கக் கடலோரக் காவல் கப்பல் அந்த விளிம்பின் மேல் குறுக்காக நின்று அளந்தபோது, முன்பக்கத்தில் தண்ணீர் சுமார் 1 டிகிரி, பின்பக்கத்தில் 13 டிகிரி. கப்பலின் நீளம் வெறும் 73 மீட்டர். அதற்கும் முன்னால், 1775-இல், பெஞ்சமின் ஃப்ராங்க்ளின் அட்லாண்டிக் பயணத்தில் ஒரு தெர்மாமீட்டரைக் கடலில் இறக்கி இறக்கி அந்த நீரோட்டத்தை அடையாளம் கண்டிருக்கிறார். எனக்கு இவையெல்லாம் பின்னால்தான் தெரியும். அன்று எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. கடலின் வெப்பம் ஒரு செய்தி, அதை நான் படிக்காமலே விட்டுவிட்டேன்.

சரி, எஞ்சினுக்கு இது ஏன் முக்கியம் என்று சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் அதிலிருந்துதான் எனக்குப் புரிந்தது.

பெரிய கப்பலின் மெயின் எஞ்சினில் எரிக்கும் எண்ணெயின் ஆற்றலில் ஏறக்குறைய பாதிதான் ப்ரொப்பெல்லரைச் சுழற்றப் போகிறது. மீதி வெப்பமாக வெளியேறியாக வேண்டும். ஒரு பகுதி புகைபோக்கி வழியே போகும். இன்னொரு பகுதியைக் கடல்தான் வாங்கிக்கொள்ளும். கப்பலின் அடியில் சீ செஸ்ட் என்று ஒரு திறப்பு இருக்கிறது. அங்கிருந்து பம்ப் கடல்நீரை இழுத்து, ஸ்ட்ரெய்னர் என்ற வடிகட்டி வழியாகக் கூலருக்கு அனுப்பும். கூலரில் ஒரு பக்கம் எஞ்சினைச் சுற்றி வந்த சூடான நன்னீர், மறுபக்கம் கடல்நீர். வெப்பம் அங்கே கைமாறும். கொஞ்சம் சூடேறிய கடல்நீர் திரும்பவும் கடலுக்கே போய்விடும்.

இந்த ஏற்பாடு முழுவதும் ஒரு எண்ணை நம்பி இருக்கிறது. கப்பல் இயந்திரங்களை வடிவமைக்கும்போது உலகம் முழுவதும் கொள்ளும் கணக்கு: கடல்நீர் 32 டிகிரி, எஞ்சின் ரூம் காற்று 45 டிகிரி. இந்த நிலையிலும் எஞ்சின் முழு வேகத்தில் ஓட வேண்டும். அதற்கு மேல் போனால் உத்தரவாதம் கிடையாது.

ஆகஸ்ட் மாதப் பாரசீக வளைகுடாவில் 32-ஐத் தாண்டுவது புதிது இல்லை. 34, 35 என்று பலமுறை எழுதியிருக்கிறேன். அங்கே போனால் கப்பலே பெருமூச்சு விடுகிற மாதிரி இருக்கும். எக்ஸாஸ்ட் வெப்பம் ஏறும், அதே வேகத்துக்கு எண்ணெய் கூடுதலாகக் குடிக்கும். கடல்நீரை வெற்றிடத்தில் கொதிக்கவைத்து நன்னீர் எடுக்கும் கருவியிலும் வெற்றிடம் குறைந்து, நாளுக்கு இத்தனை டன் என்று கிடைத்த தண்ணீர் சுருங்கிப்போகும். முதலில் ஸ்ட்ரெய்னரைச் சுத்தம் செய்வோம். கூலரைப் பின்னோக்கிக் கழுவுவோம். ஸ்டாண்ட்பை பம்பையும் ஓட்டுவோம். இவ்வளவும் செய்த பிறகும் வெப்பம் இறங்காவிட்டால் மிச்சம் இருப்பது ஒரே வழி. எரிக்கிற எண்ணெயைக் குறைக்க வேண்டும். குளிரவைக்க வருகிற தண்ணீரே சூடாக இருக்கும்போது, வால்வைத் திருகி அதை ஏமாற்ற முடியாது.

பூமிக்கும் கடல் இதே வேலையைத்தான் செய்கிறது என்பதைக் கப்பலில் இருந்தபோது நான் யோசித்ததே இல்லை. நிலக்கரியும் எண்ணெயும் எரித்து நாம் சேர்த்த கரியமில வாயு, விண்வெளிக்குத் தப்பிப் போக வேண்டிய வெப்பத்தில் ஒரு பகுதியைப் பிடித்து வைக்கிறது. அப்படிக் கூடுதலாகத் தங்கிய வெப்பத்தில் 90 சதவீதத்துக்கும் மேல் கடலுக்குள் போயிருக்கிறது. காற்றில் தங்கியது நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான். நாம் 'உலகம் இவ்வளவு சூடாகிவிட்டது' என்று பேசுவதெல்லாம் பெரும்பாலும் அந்த ஒன்றிரண்டு பங்கைப் பற்றித்தான்.

கடலால் எப்படி இவ்வளவு வாங்கிக்கொள்ள முடிகிறது என்பதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு. தண்ணீருக்குள் 10 மீட்டர் இறங்கினால் அழுத்தம் ஏறக்குறைய ஒரு பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு) கூடும். தலைக்கு மேல் இருக்கும் முழுக் காற்றின் அழுத்தமும் ஒரு பார்தான். அப்படியென்றால், ஒரு சதுர மீட்டருக்கு மேல் விண்வெளி வரை நிற்கும் காற்றும், 10 மீட்டர் ஆழத் தண்ணீரும் ஒரே எடை, சுமார் 10 டன். ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க, ஒரு கிலோ காற்றுக்கு வேண்டியதைப் போல நான்கு மடங்கு வெப்பம் வேண்டும். ஆக, இரண்டரை மீட்டர் தண்ணீர் போதும். கடல் பூமியின் பத்தில் ஏழு பங்குதான் என்பதையும் சேர்த்தால் மூன்றரை மீட்டர் என்று வையுங்கள். வளிமண்டலம் மொத்தத்தையும் ஒரு டிகிரி சூடாக்கும் வெப்பத்தைக் கடலின் மேல் மூன்றரை மீட்டரே வாங்கிக்கொள்ளும். கடலின் சராசரி ஆழமோ 3,700 மீட்டருக்குப் பக்கம். முதன்முதலில் இதை ஒரு தாளில் போட்டுப் பார்த்தபோது விடை தப்பு என்று நினைத்து மறுபடி போட்டேன்.

2021-இல் கப்பலை விட்டு இறங்கினேன். ஆனால் 12–4 வாட்ச் உடம்பை விட்டு இறங்கவில்லை. இன்றும் பல நாள் நடுராத்திரியில் விழிப்பு வந்துவிடும். அப்படி ஒரு இரவில்தான் அமெரிக்காவின் மெய்ன் பல்கலைக்கழகத்தின் க்ளைமேட் ரீஅனலைசர் தளத்தைப் பார்த்தேன். துருவப் பகுதிகளை விட்டுவிட்டு, உலகக் கடல்களின் மேற்பரப்பு வெப்பத்தின் சராசரியைத் தினமும் ஒரு புள்ளியாக வைக்கிறார்கள். ஒரு வருடத்துக்கு ஒரு கோடு. 1981 முதல் இன்றுவரை கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும், நூல்கண்டு பிரிந்து கிடப்பது போல.

2023 மார்ச்சில் அந்த வருடத்துக் கோடு கண்டிலிருந்து பிரிந்து மேலே போனது. அது திரும்பி வரும் என்று தினமும் பார்த்தேன். வரவில்லை. ஜூனில், பசிபிக்கின் நிலநடுக்கோட்டுப் பகுதி சில வருடத்துக்கு ஒருமுறை சூடாகும் எல் நினோவும் சேர்ந்துகொண்டது. 2023 ஏப்ரல் தொடங்கி 2024 ஜூன் வரை, தொடர்ந்து 15 மாதம், ஒவ்வொரு மாதமும் அந்தந்த மாதத்துக்கு அதுவரை இருந்த உச்சத்தை உடைத்தது. ஐரோப்பாவின் கோபர்நிகஸ் காலநிலைச் சேவையின் கணக்கில் 2024 மார்ச் மாதச் சராசரி 21.07 டிகிரி. எந்த மாதத்துக்கும் அதுவரை பதிவாகாத எண். 2023 ஜூலையில் ஃப்ளோரிடாவின் மேனட்டி பே என்ற ஆழமில்லாத விரிகுடாவில் ஒரு மிதவை 38.4 டிகிரி காட்டியது. ஆழம் குறைந்த, கலங்கிய தண்ணீர் சீக்கிரம் சூடாகும், எனவே அதைத் திறந்த கடலோடு ஒப்பிடக் கூடாது. ஆனாலும் 38.4 என்ற எண்ணை ஒரு கடல் மிதவையின் கணக்கில் பார்த்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

அந்தக் கோட்டைப் பழைய நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். எல்லாரும் எஞ்சினியர்கள். ஒருவன் கேட்டான்: "இந்தப் பழைய ரீடிங்கை எல்லாம் எப்படிடா நம்புற? 12–4-ல நாம எப்படி எழுதினோம்னு நமக்குத் தெரியாதா?"

நியாயமான கேள்வி. எனக்கு 21 டிகிரி ஞாபகம் வந்துவிட்டது. அவனுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்றுதான், கடல் வெப்பத்தை மனிதர்கள் எப்படியெல்லாம் அளந்தார்கள் என்று படிக்க ஆரம்பித்தேன். பிறகு மாதக்கணக்கில் அதிலேயே கிடந்தேன்.

1853-இல் பிரஸ்ஸல்ஸில் கடல் நாடுகள் கூடி, கப்பல்கள் எல்லாம் ஒரே முறையில் காற்றையும் கடலையும் பதிவு செய்ய வேண்டும் என்று முடிவெடுத்தன. அமெரிக்கக் கடற்படையின் மேத்யூ ஃபாண்டெய்ன் மோரி அதற்குப் பின்னால் நின்றவர். அதன்பின் மாலுமிகள் வாளியைக் கயிற்றில் கட்டிக் கடலில் போட்டு, நீரை மேலே இழுத்து, அதற்குள் தெர்மாமீட்டரை வைத்துப் படித்தார்கள். ஆரம்பத்தில் மரவாளி, பிறகு கித்தான் வாளி. கித்தான் நனைந்து காற்றில் உலரும்போது மண்பானை போலத் தண்ணீரைக் குளிரவைத்துவிடும். ஆகவே வாளிக் கணக்கு உண்மையைவிடக் கொஞ்சம் குறைவாகவே வரும். நீராவிக் கப்பல்கள் வந்த பிறகு எஞ்சின் ரூம் இன்லெட்டில் படிக்கத் தொடங்கினார்கள். அங்கே எஞ்சின் ரூமின் சூடு சேர்ந்து கணக்கு கொஞ்சம் கூடுதலாக வரும். நான் படித்த தெர்மாமீட்டரும் இந்த வகைதான். பத்தில் சில பங்கு டிகிரி அதிகமாகவே காட்டியிருக்கும்.

அப்புறம் வந்தது இரண்டாம் உலகப் போர். ராத்திரியில் டெக்கில் விளக்குப் பிடித்து வாளித் தண்ணீரைப் படித்தால் நீர்மூழ்கிக்கு நம் இடத்தைக் காட்டிக்கொடுத்ததாகிவிடும். எஞ்சின் ரூமில் படிப்பது பத்திரம். தவிர, போர்க்காலத்தில் பதிவுகள் பெரும்பாலும் அமெரிக்கக் கப்பல்களிலிருந்து வந்தவை, அவர்கள் இன்லெட்டில் படித்தவர்கள். போர் முடிந்ததும் வாளி போடும் பிரிட்டிஷ் கப்பல்களின் பதிவுகள் திடீரென்று கூடின. விளைவு, 1945-இன் பிற்பகுதியில் உலகக் கடல் சட்டென்று குளிர்ந்தது போல ஒரு பள்ளம். கடலுக்கு ஒன்றும் ஆகவில்லை, படித்தவர்களும் படித்த இடமும் மாறியிருந்தன. 2008-இல்தான் அந்தப் பள்ளத்தை ஓர் ஆய்வுக்குழு தெளிவாகச் சுட்டிக்காட்டியது.

இதைப் படித்தபோது எனக்கு நம்பிக்கை குறையவில்லை, கூடியது. எந்த வாளி, எந்தக் கப்பல், கப்பலின் வேகம் என்ன, டெக் எவ்வளவு உயரம் என்று தோண்டித் துருவி, ஒவ்வொரு வகைக்கும் எவ்வளவு பிசகு என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அந்தத் திருத்தங்களின் விளைவு என்ன என்பதைத்தான் நண்பனுக்கு முதலில் சொன்னேன். வாளியால் குறைந்த பழைய எண்களைச் சற்று மேலே தூக்குகிறார்கள். பழைய கடல் சூடாக இருந்ததாகக் காட்டினால், இன்றுவரையான ஏற்றம் குறைவாகத்தான் தெரியும். வெப்பத்தை ஊதிப் பெரிதாக்க நினைப்பவர்கள் அப்படிச் செய்யமாட்டார்கள். அதற்குப் பிறகும் மிஞ்சுகிற எண், 1850–1900 காலத்திலிருந்து 2011–2020 காலத்துக்குள் கடல் மேற்பரப்பில் சுமார் 0.88 டிகிரி.

இப்போது இந்த வேலையில் பெரும்பகுதியைச் செய்வது ஆர்கோ மிதவைகள். ஓர் எஞ்சினியராக எனக்கு இதைவிட அழகான கருவி தெரியாது. ஆளுயரத்துக்குக் கிட்டத்தட்ட வரும் ஓர் உருளை. ப்ரொப்பெல்லர் இல்லை, சுக்கான் இல்லை. உள்ளே கொஞ்சம் எண்ணெய், ஒரு பம்ப், வெளியே ஒரு ரப்பர்ப் பை. எண்ணெயை வெளிப் பைக்குத் தள்ளினால் எடை மாறாமல் கனஅளவு மட்டும் கூடும், மேலே ஏறும். உள்ளே இழுத்தால் மூழ்கும். 1,000 மீட்டர் ஆழத்தில் ஒன்பது நாள் போல நீரோட்டத்தோடு போகும். பிறகு 2,000 மீட்டருக்கு இறங்கி, அங்கிருந்து மேலே வரும் வழியெல்லாம் வெப்பத்தையும் உப்பையும் படித்துக்கொண்டே வரும். மேலே வந்ததும் செயற்கைக்கோளுக்கு அனுப்பிவிட்டு மறுபடி இறங்கிவிடும். பத்து நாளுக்கு ஒரு சுற்று, பேட்டரி தீரும் வரை. 2007 நவம்பரில் 3,000 மிதவைகள் என்ற இலக்கை எட்டினார்கள். இன்று சுமார் 4,000 மிதக்கின்றன. 12–4 வாட்சிலும் அவை தூங்கி வழிவதில்லை.

இந்த மிதவைகளால் நடந்த ஒரு விஷயத்தை நண்பர்கள் குழுவில் எழுதியபோது அங்கே கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. 1872 முதல் 1876 வரை எச்.எம்.எஸ். சேலஞ்சர் என்ற பிரிட்டிஷ் கப்பல் உலகைச் சுற்றி, சுமார் 300 இடங்களில் நின்று ஆழ்கடலில் தெர்மாமீட்டரை இறக்கியது. கயிற்றில் கட்டி இறக்கி, மணிக்கணக்கில் காத்திருந்து, மேலே இழுத்துப் படித்தார்கள். 2012-இல் ஆய்வாளர்கள் அதே இடங்களில் ஆர்கோ காட்டியதை எடுத்து ஒப்பிட்டார்கள். மேற்பரப்பில் சராசரியாக 0.59 டிகிரி கூடியிருந்தது. மேலிருந்து 700 மீட்டர் வரையிலான சராசரியில் 0.33 டிகிரி. யாரோ ஒரு மாலுமி குளிரில் கை விறைக்க, கண்ணைச் சுருக்கிப் படித்து உண்மையாக எழுதிய எண். 135 வருடம் கழித்து அது தேவைப்பட்டிருக்கிறது. எழுதும்போது அவனுக்கு அது தெரிந்திருக்காது.

அரை டிகிரி, ஒரு டிகிரி என்றால் பலருக்கு இவ்வளவுதானா என்று தோன்றும். நம் உடம்புக்கு 37-க்கும் 38-க்கும் என்ன வித்தியாசம் என்று நினைத்துப் பார்க்கலாம். பவளத்துக்கு அப்படித்தான். ஓர் இடத்தின் வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு டிகிரி கூடி, அது சில வாரம் நீடித்தால் போதும். பவளத்தின் உடலுக்குள் இருந்து அதற்கு உணவு தரும் நுண்பாசி வெளியேறிவிடும். நிறத்தைக் கொடுத்ததும் அந்தப் பாசிதான், ஆகவே பவளம் வெளுத்துவிடும். கடல் சீக்கிரம் குளிர்ந்தால் பிழைக்கும், இல்லாவிட்டால் பட்டினியில் சாகும். ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டு 1998, 2002, 2016, 2017, 2020, 2022, 2024 என்று வெளுத்திருக்கிறது. இந்த ஆண்டுகளுக்கு இடையிலான இடைவெளியைப் பாருங்கள். ஆற ஐந்து பத்து வருடம் வேண்டிய காயத்தின் மேல் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அடி விழுகிறது.

2013 கடைசியில் வடகிழக்குப் பசிபிக்கில் ஒரு பெரிய பரப்பு சூடாகி, 2016 வரை ஆறாமல் கிடந்தது. ஆய்வாளர்கள் அதற்கு 'ப்ளாப்' என்று பெயர் வைத்தார்கள். நான் அந்தக் கடலில் அப்போது போயிருக்கிறேன், லாக்கில் ஒன்றிரண்டு டிகிரி கூடியிருந்தால் கவனித்திருக்கவே மாட்டேன். எஞ்சினுக்கு 14-ம் 16-ம் ஒன்றுதான், இரண்டும் நல்ல குளிர்ச்சி. கீழே நடந்ததோ வேறு. சூடான நீரில் காட் மீனின் உடம்புக்கு அதிக இரை வேண்டும். அதே சமயம் இரை குறைந்துபோனது. அலாஸ்கா வளைகுடாவில் காட் மீன் வளம் சரிந்தது. சிறு மீன்களைத் தின்று வாழும் காமன் மர் என்ற கடற்பறவைகள் கரையோரம் ஆயிரக்கணக்கில் செத்து ஒதுங்கின. அலாஸ்காவில் மட்டும் சுமார் 40 லட்சம் பறவைகள், அங்கிருந்தவற்றில் பாதி, போய்விட்டதாக 2024-இல் கணக்கிட்டார்கள். நான் அந்தப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போயிருப்பேன்.

சூடான நீர் விரியும், அதனால் பனி உருகாமலேயே கடல் மட்டம் உயரும். சூடான நீரில் ஆக்சிஜன் குறைவாகக் கரையும். 1960-க்குப் பிறகான ஐம்பது வருடத்தில் கடல் தன் ஆக்சிஜனில் சுமார் 2 சதவீதத்தை இழந்திருக்கிறது. மேலே சூடான, எடை குறைந்த அடுக்கு மூடிபோல நின்றுவிடுவதால், ஆழத்திலிருந்து சத்தும் மேலிருந்து ஆக்சிஜனும் ஒன்றையொன்று சேர்வது கடினமாகிறது. ஒவ்வொன்றையும் தனித்தனியாக எழுத வேண்டும், எழுதுவேன்.

இன்று எழுத நினைத்தது இன்னொன்று, தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். என் எண்ணெய்க் கணக்கு.

நான் ஓட்டிய கப்பல்கள் சராசரியாக ஒரு நாளைக்கு 30 டன் கனரக எண்ணெய் எரித்தன. ஒரு டன் எண்ணெய் எரித்தால் சுமார் 3.1 டன் கரியமில வாயு வரும். எரிவது எண்ணெயின் கரி மட்டுமில்லை, காற்றின் ஆக்சிஜனும் சேர்ந்துகொள்வதால் எடை மூன்று மடங்காகிறது. வருடத்துக்கு 150 நாள் ஓட்டம் என்று வைத்தால், 25 வருடத்தில் ஏறக்குறைய மூன்றரை லட்சம் டன். சரக்கு யாருக்கோ தேவைப்பட்டது, கப்பல் யாருடையதோ, உண்மைதான். ஆனால் எரிபொருள் வால்வைத் திறந்தவன் நான். அதில் ஏறக்குறைய கால் பங்கு கடலிலேயே கரைந்து அதன் அமிலத்தைக் கூட்டியிருக்கும். வளிமண்டலத்தில் நின்றுவிட்டது இன்றும் கடலைச் சூடாக்கிக்கொண்டிருக்கும்.

இதில் எனக்கு ஜீரணமாகாத ஒரு திருப்பம் உண்டு. 2020 ஜனவரி 1 முதல் கப்பல் எண்ணெயில் கந்தகம் 3.5 சதவீதத்திலிருந்து 0.5 சதவீதத்துக்குக் குறைய வேண்டும் என்று சர்வதேசக் கடல்சார் அமைப்பு விதித்தது. அதற்கு முந்தைய டிசம்பர் முழுக்க நாங்கள் டாங்குகளைச் சுத்தம் செய்து, குழாய்களைக் கழுவி, புது எண்ணெய்க்கு மாறினோம். துறைமுக ஊர்களில் மூச்சுவிடும் மக்களுக்கு அது நல்லது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தக் கந்தகப் புகைதான் திறந்த கடலில் தாழ்ந்த மேகங்களை வெளுப்பாக்கி, வெயிலைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. செயற்கைக்கோள் படங்களில் கப்பல் போன வழியெல்லாம் வெள்ளைக் கோடாகத் தெரியும். 2020-க்குப் பிறகு அந்தக் கோடுகள் வெகுவாகக் குறைந்துவிட்டன. அதனால் கடலுக்கு எவ்வளவு வெப்பம் கூடியது என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் வாதம் நடக்கிறது. கொஞ்சமாவது கூடியிருக்கிறது என்பதில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. அழுக்குப் புகை மறைத்து வைத்திருந்ததை, நாங்கள் சுத்தம் செய்தபோது வெளியே விட்டோம். வெப்பத்தை அங்கே வைத்தது கரியமில வாயு, அதை இன்னும் யாரும் டாங்கிலிருந்து கழுவி எடுக்கவில்லை.

போன ஆகஸ்டில், என்னிடம் கேடட்டாக வேலை கற்ற ஒருவன் நடுராத்திரியில் மெசேஜ் அனுப்பினான். இப்போது செகண்ட் எஞ்சினியர். கப்பல் பாரசீக வளைகுடாவுக்குள் இருக்கிறது. கூடவே ஒரு புகைப்படம்: இன்லெட் தெர்மாமீட்டர், டார்ச் வெளிச்சத்தில், 35.8.

"சார், கூலிங் வாட்டர் 41-க்குக் கீழ இறங்கவே மாட்டேங்குது. ரெண்டு கூலரையும் கழுவிட்டோம். ஸ்ட்ரெய்னர் க்ளீன். பம்ப் மூணும் ஓடுது. வேற என்ன பண்ணலாம்?"

"லாக்ல 35.8-னே எழுதியிருக்கியா?"

"எழுதிட்டேன் சார்."

"அப்ப லோடைக் குறைப்பா."

அரை மணி நேரம் கழித்து மறுபடி வந்தான். "குறைச்சாச்சு சார். 39-க்கு வந்துருச்சு. கேப்டன் மேலேருந்து போன் மேல போன் போடுறார், திரும்ப எப்ப ஸ்பீடு ஏத்துவீங்கன்னு."

"இன்லெட் இறங்கினதும்னு சொல்லு," என்று அனுப்பிவிட்டு, அந்தப் படத்தைப் பெரிதாக்கி எண்ணை இன்னொருமுறை படித்தேன்.